தேனீ மீதும் வழக்குத் தொடுக்கலாம்!
அயர்லாந்தின் விந்தைச் சட்டங்கள்

பக்கத்து நிலத்துப் பூவில் தேனீ தேன் எடுத்தால், அந்த நிலக்காரருக்கும் பங்கு உண்டா? ‘உண்டு’ என்று சட்டமே எழுதி வைத்த நாடு அயர்லாந்து. ‘பிரெஹன்’ எனப்படும் நீதிபதிகள் காத்து வந்த அந்நாட்டுச் சட்டங்கள் கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் ஏட்டில் ஏறின. நாணயம் அச்சிடப்படாத காலம் அது. அபராதத்தைக் கறவைப் பசுவாகவே கணக்கிட்டார்கள்.

தேனீ வழக்கு

மாடு அயலார் பயிரை மேய்ந்தால் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். தேனீயை எப்படி அடைப்பது? இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார்கள். கூடு பெருகுவதற்காகத் தேனீ வளர்ப்பவருக்கு மூன்று ஆண்டு விலக்கு அளித்தார்கள். அதன் பிறகு பிரியும் தேனீக் கூட்டங்களில் சுற்றியுள்ள நிலக்காரர்களுக்குப் பங்கு தர வேண்டும்.

தேனீ கொட்டி ஒருவருக்குக் கண் போனால், எந்தக் கூட்டின் ஈ என்று எப்படி அறிவது? எல்லாக் கூடுகளுக்கும் சீட்டுப் போட்டார்கள். சீட்டு விழுந்த கூடு, கண் இழந்தவருக்குச் சொந்தம். தேன் திருடப் போய்க் கொட்டு வாங்கியவருக்கோ ஒன்றும் கிடையாது! கொங்கல் என்ற அரசர் தேனீ கொட்டி ஒரு கண் இழந்ததால், தாராவின் அரச பதவியையும் இழந்தார் என்று அந்தச் சட்ட ஏடே கூறுகிறது.

வாசலில் பட்டினி

சாதாரண மனிதர் கடனைத் திருப்பித் தராவிட்டால் அவர் மாட்டை ஓட்டிச் செல்லலாம். கடன்பட்டவர் பெரிய மனிதரானால், முதலில் அவர் வாசலில் பட்டினி கிடக்க வேண்டும். பிணை தராமல் அவர் உண்டால், கடன் இரட்டிப்பாகும், மானமும் போகும். ஹென்றி மெய்ன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1875-இல் இதனை இந்தியாவின் தர்ணாவோடு ஒப்பிட்டு எழுதினார்.

ஐந்து பவுன் குதிரை

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆட்சி இந்தச் சட்டங்களைத் தள்ளுபடி செய்தது. 1695-இல் வந்த சட்டப்படி, கத்தோலிக்கர் ஐந்து பவுனுக்கு மேல் விலையுள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. புராட்டஸ்டண்டு ஒருவர் ஐந்து பவுன் ஐந்து ஷில்லிங்கை நீட்டினால், எவ்வளவு நல்ல குதிரையானாலும் கொடுத்துவிட வேண்டும்! 1704 முதல் கத்தோலிக்கரின் நிலம் மகன்களுக்குள் துண்டு துண்டாகப் பிரிந்தது. மூத்த மகன் மதம் மாறினால் மட்டும் முழு நிலமும் அவனுக்கே.

உழுதவருக்கு நிலம்

19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான உழவர்கள் ஜமீன்தார்களின் குத்தகைதாரர்களே. 1880-இல் மேயோ மாவட்டத்தில் குத்தகைதாரர்களை வெளியேற்ற முனைந்தார் பாய்காட் என்ற நிலமேலாளர். அவருக்கு அறுவடை செய்ய ஆள் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. ‘பாய்காட்’ என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

மறு ஆண்டே, 1881-இல், புதிய சட்டம் வந்தது. நியாயமான குத்தகை, குத்தகை கட்டும் வரை வெளியேற்றத் தடை, குத்தகை உரிமையை விற்கும் உரிமை ஆகிய மூன்றும் கிடைத்தன. 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு கடன் கொடுக்க, உழவரே நிலத்தை வாங்கினார். வட்டி நூற்றுக்கு இரண்டே முக்கால். தவணை அறுபத்தெட்டரை ஆண்டு. தாத்தா கையெழுத்துப் போட்ட கடன் பேரன் காலம் வரை நீளும். ஆனால் நிலத்தைவிட்டுப் போ என்று சொல்ல ஜமீன்தார் இல்லை.