மாண்ட மந்தைக்கு அரசு தரும் ஈடு

அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் மாடு வளர்ப்போரின் முதல் முழுவதும் திறந்த வெளியில் மேய்ந்துகொண்டிருப்பதால், ஒரு பனிப்புயலோ நீண்ட வறட்சியோ அவர்களது பல்லாண்டு உழைப்பைக் குலைத்துவிடும். பயிர்களுக்கு அரசு மானியத்துடன் கூடிய காப்பீடு அங்கு வேரூன்றிவிட்டபோதும், மேய்ச்சல் மந்தைகளுக்கு அத்தகைய பாதுகாப்பு பரவலாக அமையவில்லை. அக்குறையை ஈடுசெய்யவே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்கும் வேளாண் சட்டத்தின் 2008ஆம் ஆண்டு வடிவத்தில் கால்நடைப் பேரிடர் உதவித் திட்டங்கள் சேர்க்கப்பட்டன. ஆயினும் அவற்றின் காலவரம்பு 2011 செப்டம்பர் 30உடன் முடிந்துபோயிற்று.

இந்த இடைவெளியின் கொடுமையை உணர்த்தியது 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியைத் தாக்கிய ‘அட்லஸ்’ பனிப்புயல். குளிர்காலத்துக்குரிய அடர்ந்த உரோமம் இன்னும் வளராத நிலையில், கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே இருந்த மாடுகள் முதலில் மழையில் நனைந்து, பிறகு கடுங்காற்றிலும் பனியிலும் சிக்கிப் பல்லாயிரக்கணக்கில் மாண்டன. காற்றின் போக்கில் வெகுதூரம் ஒதுங்கிச் செத்துக் கிடந்தவற்றின் உரிமையாளரை, உடலில் இடப்பட்டிருந்த சூட்டுக்குறியைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. கன்றுகளை விற்று ஆண்டு வருமானம் ஈட்டும் பருவம் நெருங்கிய வேளையில் இது நேர்ந்தது என்பதோடு, வரவுசெலவு ஒப்புதல் கிடைக்காமல் அக்டோபர் 1 முதல் கூட்டாட்சி அரசின் பணிகள் முடங்கியிருந்தமையால், இழப்பைப் பதிவு செய்ய வேண்டிய வேளாண்துறையின் உள்ளூர் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. உதவிக்கு நடைமுறையில் சட்டமும் இல்லை, முறையிட அலுவலரும் இல்லை என்ற நிலையில், எதிர்காலத்தில் திட்டம் மீண்டும் வரக்கூடும் என்ற நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு, இறந்த மாடுகளைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வைக்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 2014 பிப்ரவரியில் கையெழுத்தான புதிய வேளாண் சட்டம் இத்திட்டங்களை நிரந்தரமாக்கியதுடன், 2011 அக்டோபர் 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் பொருந்தும்படி முன்தேதியிட்டது. விண்ணப்பங்கள் ஏப்ரல் 15 முதல் பெறப்பட்டன. அட்லஸ் புயலுக்கும் இந்த நாளுக்கும் இடையே ஆறு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்ததையும், வங்கிக் கடனுக்குரிய வட்டி அதுவரை காத்திருக்காது என்பதையும் கருதினால், பேரிடர் நேர்ந்தபின் சட்டம் இயற்றும் வழக்கத்தைவிட நிலையான திட்டமே மேலானது என்பதில் ஐயமில்லை. அத்திட்டத்தின்படி, ஓர் ஆண்டில் இயல்பாகவே இறக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேற்பட்ட இறப்புகளுக்கு மட்டும், அந்த வகைக் கால்நடையின் சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு வழங்கப்படும். நாடு முழுமைக்கும் ஒரே விலைப்பட்டியல் என்பதால், தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனப்பெருக்கப் பசுவுக்கும் சாதாரணப் பசுவுக்கும் தொகை வேறுபடுவதில்லை.

வறட்சிக்கான உதவி வேறு வகையில் இயங்குகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய வறட்சித் தணிப்பு மையமும் அரசுத் துறைகளும் சேர்ந்து வாரந்தோறும் வெளியிடும் வறட்சி வரைபடமே அதற்கு அளவுகோல். 2014ஆம் ஆண்டு விதிப்படி, மேய்ச்சல் பருவத்தில் ஒரு வட்டாரத்தின் ஏதேனும் ஒரு பகுதி எட்டு வாரம் தொடர்ந்து கடும் வறட்சியில் இருந்தால் அங்குள்ளோர் உதவி பெறத் தகுதி அடைந்தனர். சான்றுகளைத் தேடி அலைய வேண்டாத இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆனால் வட்டார எல்லைக்கு அப்பால் அதே அளவு காய்ந்த புல்வெளியை உடையவர் விடுபட்டுப் போகவும் அதுவே இடமளிக்கிறது.

அட்லஸ் புயலில் இறந்த பசுக்களில் பல, அடுத்த இளவேனிலில் ஈன வேண்டிய சினைப்பசுக்கள். அவற்றின் வயிற்றிலிருந்த கன்றுகள் எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை. சினையுடன் இறக்கும் கால்நடையின் பிறவாக் குட்டிக்கும் தனித்தொகை வழங்கும் விதியை நாடாளுமன்றம் 2025இல்தான் சட்டமாக்கியது.