கல்லாவும் கைபேசியும் – 12: பதிலைப் படிக்கப்போவது யார்?

கடன் பாக்கி வசூலிப்பது பற்றிப் போன வாரம் பேசினோம். பாக்கியைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று இன்று எல்லாக் கடைக்காரர்களுக்கும் இருக்கிறது: கூகுள் மேப்பில் கடையின் பெயருக்குக் கீழே வந்து விழும் ஒற்றை ஸ்டார். ‘கேவலமான சர்வீஸ், யாரும் போகாதீங்க’ என்று ஒரே வரி. எழுதியவர் யார், எப்போது வந்தார், என்ன வாங்கினார் என்று ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த பெயரை யாரோ ஒருவர் படுத்துக்கொண்டே கெடுத்துவிட்டாரே என்று வயிறு எரியும். எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலோடு பதில் டைப் செய்ய உட்காருவதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் டாலஸ் நகரத்து எலைட் டென்டல் அசோசியேட்ஸ் என்ற பல் மருத்துவமனையைப் பற்றி ஒரு நோயாளி யெல்ப் தளத்தில் விமர்சனம் எழுதினார். பதில் எழுதிய மருத்துவமனை அவருடைய குடும்பப் பெயரையும் உடல்நிலை விவரங்களையும் பொதுவில் போட்டுவிட்டது. 2016இல் அவர் அரசிடம் புகார் கொடுத்தார். விசாரித்தால், வேறு சில நோயாளிகளுக்கும் இதே மாதிரி பதில் போயிருந்தது. 2019இல் 10,000 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். 2023இல் நியூஜெர்சி மனநல மருத்துவ நிலையம் ஒன்று இதே காரியத்துக்காக 30,000 டாலர் கட்டியது. நோயாளி எழுதியது நியாயமா அநியாயமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இங்கேயும் மருத்துவர் நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. தையல்காரருக்கு அப்படி எந்த விதியும் இல்லைதான். ஆனால் ‘அளவு கொடுத்த பிறகு நீங்கதான் குண்டாயிட்டீங்க’ என்று ஒரு பெண்ணுக்குப் பொதுவில் பதில் எழுதினால், அதைப் படிக்கிற இன்னொரு பெண் அந்தக் கடையில் அளவு கொடுப்பாரா?

அந்த இன்னொருவருக்காகத்தான் பதில் எழுத வேண்டும். திட்டியவர் அநேகமாகத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். உங்கள் கடைக்கு வரலாமா என்று யோசித்து மேப்பைத் திறக்கிறவர் இரண்டையும் படிப்பார். அவருக்கு இவ்வளவு போதும்: ‘வணக்கம். சாப்பாடு ஆறிப்போய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. பில் நம்பரோடு கடை எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நானே பேசுகிறேன்.’ கீழே உங்கள் பெயர். மறுபடி வந்து திட்டினாலும் இரண்டாவது பதில் வேண்டாம். சாப்பாடு நிஜமாகவே ஆறித்தான் போகிறதா என்று பார்சல் கட்டுகிற இடத்தில் போய்ப் பாருங்கள். மச்சானையும் சித்தப்பா மகனையும் விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்லாதீர்கள். படிக்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

மிரட்டி வாயை அடைக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலம் ஹட்சன் ஊரில் யூனியன் ஸ்ட்ரீட் கெஸ்ட் ஹவுஸ் என்ற விடுதி, அங்கே கல்யாணம் வைக்கிறவர்களின் விருந்தாளி யாராவது மோசமாக விமர்சனம் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் பிடிப்போம் என்று விதி போட்டிருந்தது. 2014இல் இது செய்தியானதும், அந்த விடுதியின் வாசலையே மிதிக்காதவர்கள்கூடத் திரண்டு வந்து திட்டி எழுதினார்கள். வேடிக்கைக்குத்தான் போட்டோம் என்ற விளக்கம் எடுபடவில்லை.

இணையத்தில் திட்டினாலே உள்ளே தள்ளிவிடலாம் என்று நம் ஊரில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். அதற்கு வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015லேயே ரத்து செய்துவிட்டது. அவதூறு வழக்கு போடலாம். ஒற்றை ஸ்டாருக்காகக் கோர்ட்டுக்கு நடப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பொறுக்கவே கூடாதவை உண்டு. ‘பணம் கொடு, இல்லாவிட்டால் ஐம்பது பேரை விட்டு எழுத வைப்பேன்’ என்பது மிரட்டிப் பணம் பறிக்கிற குற்றம். கொலை மிரட்டல், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, வீட்டுப் பெண்களின் படத்தைப் போடுவது எதையும் விடாதீர்கள். பதிலே எழுதாமல், தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பதிவு அழிந்துபோவதற்கு முன் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்தான் கைகொடுக்கும்.

இன்று கடை அடைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை நீங்கள் எழுதிய பதில்களை முதலிலிருந்து படியுங்கள். எதிலாவது வாடிக்கையாளரின் போன் நம்பரோ, வீட்டு முகவரியோ, நோயோ, அவர் தர வேண்டிய பாக்கியோ இருந்தால் அதை உடனே அழித்துவிடுங்கள்.