இரண்டும் ஒன்றல்ல

மருந்துக்கடை ரசீதைக் கொடுத்து அலுவலகத்தில் பணம் பெறுவதையும், காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோருவதையும் படித்தவர்களே ஒன்றெனக் கருதுகின்றனர். முன்னது ஊதியத்தின் ஒரு பகுதி. காய்ச்சல் மாத்திரைக்கும் கிடைக்கும். பின்னது, பலரின் பிரீமியத்தைத் திரட்டிச் சிலரின் பேரிழப்பை ஈடுகட்டும் ஒப்பந்தம். ஆதலால்தான் 24 மணி நேர உள்நோயாளிச் சிகிச்சை, காத்திருப்புக் காலம் போன்ற நிபந்தனைகள். அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மருத்துவர் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். இது பலருக்கும் வீடு திரும்பும் நாளில்தான் தெரியவருகிறது.

அலுவலகம் திருப்பித் தரும் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு ரூ.15,000 வரை இருந்த வருமான வரி விலக்கு, 2018 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. போக்குவரத்துப் படிக்கான ரூ.19,200 விலக்கும் உடன்போயிற்று. ஈடாக வந்த நிலையான கழிவு ரூ.40,000. கூடுதலாகக் கிடைத்த விலக்கு ரூ.5,800 மட்டுமே! (ரசீது கேட்காத அக்கழிவு என் போன்ற ஓய்வூதியர்களுக்கும் கிடைத்தது என்பது வேறு.)

நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடோ பொதுவாகப் பணியோடு முடிந்துவிடும். அறுபதை நெருங்கும் வயதில் புதிய பாலிசி எடுப்பவர், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வழியுண்டு. அதைப் பணியிலிருந்து விலகுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.