பல் டாக்டரிடம் போகிறீர்களா? வாயைத் திறக்குமுன் கண்ணைத் திறந்து பாருங்கள்!

பல்வலிக்கு நாள், கிழமை கிடையாது. கிராம்பை வைத்து ஒரு ராத்திரியை ஓட்டலாம். விடிந்ததும் பல் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். சித்த வைத்தியனான நானும் என்னிடம் வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். ஆனால், 2020-ல் கொரோனா பரவியபோது அந்த நாற்காலியில் உட்காரவே ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

ஏன் என்கிறீர்களா? பல் டாக்டருக்கு வேலையே நம் வாய்க்குள்தான். அவர் முகத்துக்கும் நம் வாய்க்கும் இடைவெளி ஒரு முழம்கூட இருக்காது. சொத்தையைக் குடைகிற 'ஏரோட்டர்' கருவி நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றும். சூடேறாமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்சும். அதோடு எச்சிலும் ரத்தமும் கலந்து, கண்ணுக்குத் தெரியாத சாரலாகக் காற்றில் பரவும். கொரோனா கிருமியோ எச்சிலிலேயே இருப்பது!

தெரிந்ததும் தெரியாததும்

அப்படியானால் பல் மருத்துவர்களுக்கு இந்த நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது? 2020 மார்ச்சில் ஜோர்டான் நாட்டில் 368 பல் மருத்துவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். நோயின் அறிகுறிகள் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தன. ஆனால், கிருமி உள்ளே புகுந்து எத்தனை நாளில் நோயாக வெளிப்படும்? அன்றைய கணக்கான '1 முதல் 14 நாள்' என்ற பதிலைச் சொன்னவர்கள் 133 பேர்தான்.

இது பரீட்சை மார்க் சமாச்சாரம் இல்லை. "காய்ச்சல் உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்லை" என்கிறீர்கள், அது உண்மையும்கூட. ஆனால், காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே கிருமி பிறருக்குத் தொற்றக்கூடும். இதை அறிந்தவர்தான் ஆரோக்கியமாகத் தெரிகிறவரிடமும் அதே ஜாக்கிரதையோடு இருப்பார். புது நோய் என்பதால் அன்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டிலும் 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவத்துக்கென்றே தனி நெறிமுறைகளை வெளியிட்டது.

டாக்டருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. கருவியைக் கழுவும் உதவியாளருக்கும், நாற்காலியைத் துடைக்கும் ஆயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

கழுவுவது வேறு, சுத்தி வேறு

சித்த மருத்துவத்தில் சரக்குகளை அப்படியே மருந்தில் சேர்க்க மாட்டோம். முறைப்படி 'சுத்தி' செய்த பிறகே சேர்ப்போம். பல் கருவிக்கும் சுத்தி உண்டு. சோப்புப் போட்டுக் கழுவினால் அழுக்குப் போகும். கிருமி எல்லாம் போய்விடாது. வெந்நீரில் முக்கி எடுத்தாலும் போதாது. 'ஆட்டோகிளேவ்' கருவியில், அழுத்தமான நீராவியில், 121 டிகிரி செல்சியஸ் என்றால் 15 நிமிஷமாவது வைக்க வேண்டும்.

"கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே!" என்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது வாஸ்தவம்தான். ஆனால், மஞ்சள் காமாலை தருகிற ஹெபடைடிஸ் 'பி' கிருமி விலகவில்லையே! காய்ந்த ரத்தத் துளியிலும் அது 7 நாள் வரை உயிரோடு இருக்கும். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் இதற்கான தடுப்பூசியை முழுத் தவணையும் போட்டிருப்பது அவசியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* காய்ச்சல், இருமல் இருந்தால் நேரே போகாமல் முதலில் போன் செய்யுங்கள்.

* காமாலை, காசநோய், சர்க்கரை வியாதி எதையும் மறைக்காதீர்கள்.

* "கபசுரக் குடிநீர் குடித்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் வராது" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். குடிநீர் முகக் கவசம் ஆகாது.

* உங்களுக்கென்று புதுக் கையுறை மாட்டுகிறாரா, ஊசியைப் புதிதாகப் பிரிக்கிறாரா என்று கவனியுங்கள்.

* "கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று கூச்சப்பட வேண்டாம். விஷயம் தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கோபித்துக்கொண்டால், வேறு பல் டாக்டரைப் பார்ப்பதே உத்தமம்.