ஊட்டிக் குளிரில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்களா? அந்த முதல் ஐந்து நிமிடம் முக்கியம்!

ஜனவரி மாதம். காலை ஆறரை மணி. ஊட்டியில் நாங்கள் தங்கியிருந்த காட்டேஜின் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல உறைபனி. வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம் வெள்ளை பூத்துக்கிடந்தன. சென்னைப் பதிவெண் போட்ட காரில் ஒருவர் ஏறினார். ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். பத்து நிமிடம் அதே உறுமல். காட்டேஜில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்தாயிற்று, நான் உட்பட!

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த உள்ளூர் டாக்ஸி டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாவம் சார் அந்த வண்டி. தூங்கி எழுந்ததும் ஓடுன்னா யாராலதான் முடியும்?"

அவர் சொன்னது சரிதான். ராத்திரி முழுக்க நின்ற காரில் என்ஜின் ஆயில் பெரும்பாலும் கீழே சம்ப்பில் இறங்கியிருக்கும். குளிரில் ஆயில் கெட்டியாகவும் ஆகிவிடும். ஊட்டி வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்படியில் வைத்து உருக்குவார்களே, அந்த அளவுக்கு உறையாது. ஆனால், ஓட்டம் மந்தமாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பம்ப் அதை மேலே தள்ளி, பேரிங், கேம்ஷாஃப்ட் என்று எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்கச் சில விநாடிகள் வேண்டும். அதற்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், போதிய ஆயில் படலம் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசும். ஆயில் டப்பாவில் '5டபிள்யூ-30' என்று போட்டிருக்கும் இல்லையா? அந்த 'டபிள்யூ' என்பது வின்ட்டர். முன்னால் இருக்கும் எண் எவ்வளவு குறைவோ, குளிரில் அந்த ஆயில் அவ்வளவு எளிதாக ஓடும்.

சரி, மிதிக்காமல் கால் மணி நேரம் சும்மா ஓடவிடலாமா? அதுவும் வேண்டாம்.

இந்தப் பழக்கம் நம் அப்பா, தாத்தா காலத்தது. அம்பாஸடர், பத்மினி எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். காலையில் சோக்கை இழுத்துவிட்டு, சூடாகும் வரை காத்திருக்காவிட்டால் தெருமுனையிலேயே இருமி நின்றுவிடும். இன்றைய கார்களில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்ல, அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது கம்ப்யூட்டரின் வேலை. குளிர்ந்த என்ஜினுக்கு அது பெட்ரோலைத் தாராளமாகவே கொடுக்கும். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். சும்மா ஓடும்போது என்ஜின் சூடாவதும் ரொம்ப மெதுவாகத்தான். கியர்பாக்ஸும் டயரும் வண்டி உருண்டால்தான் சூடாகும்.

அந்த டிரைவர் தன் வண்டியை எடுத்ததைக் கவனித்தேன். கிளட்ச்சை முழுவதுமாக மிதித்துச் சாவியைத் திருப்பினார். கியர்பாக்ஸில் கெட்டியான ஆயிலைச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்குக் குறையும். குளிரில் பேட்டரியும் சோர்ந்துதான் இருக்கும் என்பதால் இது நல்ல உதவி. அவருடையது டீசல் வண்டி. டேஷ்போர்டில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். க்ளோ பிளக் சூடாகிறது என்பதற்கான அடையாளம் அது. பிறகு அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். 1,000-க்கு மேல் இருந்த ஆர்.பி.எம் முள் மெள்ள இறங்கத் தொடங்கியதும் கிளம்பிவிட்டார். முதல் மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு ஆர்.பி.எம் 2,000-ஐச் சுற்றியே இருக்கும்படி ஓட்டுவாராம். சில கார்களில் என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும். அது அணையும் வரை அவசரம் கூடாது. டர்போ வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

கிளம்பியதுமே குன்னூர்ப் பக்கம் இறக்கம் வந்தால்? அங்கே சந்தேகமே வேண்டாம், குறைந்த கியர்தான். ஆர்.பி.எம் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். கொண்டை ஊசி வளைவில் என்ஜின் ஆயுளைவிட நம் ஆயுள் முக்கியம்!

கண்ணாடியில் படிந்த உறைபனி மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றால் சுரண்டினால் போதும். ஒட்டிக்கிடக்கும் வைப்பரை அப்படியே ஓடவிடாதீர்கள்.

மலைப்பாதை வாந்தி என்றுதான் நினைத்தோம்!

என்ஜின் தேய்ந்தால் பணம் போகும். இன்னொன்று உயிரையே கொண்டுபோய்விடும்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் சித்தப்பா ஷெட்டுக்குள்ளேயே காரை ஸ்டார்ட் செய்தார். வெளியே குளிர் என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார். சித்தியும் இரண்டு குழந்தைகளும் உள்ளே உட்கார்ந்து ஹீட்டருக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சித்திக்குத் தலைவலி. சின்னவள் வாந்தி எடுத்தாள். "நேத்து வந்த வளைவுப் பாதை இன்னும் ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம். பெரியவன் எழுப்ப எழுப்பக் கண்ணைத் திறக்காமல் சொக்கியபோதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது. ஷட்டரைத் தூக்கிக் குழந்தைகளை வெளியே அள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்தார்கள்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, தூக்கம்தான் வரும். எனவே ஷெட்டில் ஸ்டார்ட் செய்தால் உடனே வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கதவு பாதி திறந்திருந்தாலும் போதாது. அறை கிடைக்கவில்லை என்று காரிலேயே ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான். ஓடும் காரில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, குமட்டல் என்றால், எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். என்ஜினை அணைத்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். தெளிந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சென்னைக்காரர் ஒருவழியாக உறுமலை நிறுத்தியபோது, டாக்ஸி அடுத்த வளைவையே தாண்டியிருந்தது.