நிலக்கரியைக் கற்ற கவிஞர்: மேரி ஸ்ரோப்ஸ்

குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் வரலாற்றைப் படித்தோர் மேரி ஸ்ரோப்ஸ் அம்மையாரின் பெயரை அறிவர். 1918இல் அவர் இல்லறம் பற்றி வெளியிட்ட நூலும், 1921இல் இலண்டனில் நிறுவிய மருத்துவ நிலையமும் அப்பெயரை எங்கும் பரப்பின. அப்புகழின் நிழலில் மறைந்துபோயிற்று அவருடைய தாவரவியற் பணி. அவர்தம் ஆக்கங்களுள் நிலைபேறு உடையது அப்பணியே என்பது எமது துணிபு.

1880இல் எடின்பரோவிற் பிறந்த அம்மையார், இலண்டனிலே பகலில் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலும் இரவிற் பேர்க்பெக் கல்லூரியிலும் பயின்று, இரண்டே ஆண்டுகளில், 1902இல், விஞ்ஞானப் பட்டதாரியானார். பள்ளியிற் படிப்பித்துக்கொண்டே இலண்டன் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றிய நம்மவர் இதன் அருமையை நன்குணர்வர். 1904இல் மியூனிச்சிற் கலாநிதிப் பட்டம் பெற்று, அவ்வாண்டே மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் போதித்த முதற் பெண்மணியானார்.

நிலக்கரி என்பது பண்டைய சதுப்புக் காடுகள் புதையுண்டு நசுங்கி விளைந்த பொருள். நசுங்கியமையால் அதனுட் பெரும்பாலும் தாவர உருவம் தெளிவாய்த் தோன்றாது. எனினும், சில கரிப்படைகளிலே உருண்டைக் கற்கள் கிடைக்கின்றன. நசுங்குமுன்னரே சுண்ணச்சத்து ஊறி இறுகிய தாவரத் துண்டங்களே அவை. மெல்லிய தகடாக அவற்றைத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால், பல கோடி ஆண்டுகட்கு முந்திய இலையின் கலங்களும் அழியாது தோன்றும்! இவ்வுருண்டைகள் வேறிடத்திலிருந்து வந்தவையல்ல, கரிப்படையிலேயே தோன்றியவை என்றும், அவற்றுக்குக் காரணம் சதுப்பினை மூடிய கடல்நீரே என்றும் வாட்சன் என்பாருடன் சேர்ந்து அம்மையார் எடுத்துக்காட்டினார்.

கப்டன் ஸ்கொட்டைச் சந்தித்தபோது, தென்துருவப் பயணத்திலே தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார்; அவர் இசைந்திலர். 1912இல் மாண்டு கிடந்த ஸ்கொட் குழுவினரிடம் குளொசொப்ரெரிஸ் என்னும் தாவரத்தின் உயிர்ச்சுவடுகள் இருந்தன. இந்திய நிலக்கரிப் படைகளிலும் காணப்படும் தாவரம் அது. அம்மையாரோ 1907 முதல் 1909 வரை யப்பானிற் தங்கி, ஹொக்கைடோச் சுரங்கங்களில் இறங்கி ஆராய்ந்தார். பண்டைய பூவொன்றின் கல்லுருவைப் பேராசிரியர் பூஜியுடன் சேர்ந்து விவரித்தமை இதன் பயனாகும். யப்பானிய நோ நாடகங்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கி 1913இல் வெளியிட்டதும் இத்தொடர்பின் விளைவே.

அடுத்த ஆண்டு அவரது முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. உணர்ச்சிப் பெருக்கு அவர் கவிதையில் உண்டு, சொற்செறிவு போதாது. பிற்காலத்திற் கவிதையையே தம் பணியெனக் கருதிய அவர், 1939இல் தம் காதற் பாடற்றொகுதியை ஹிற்லருக்கும் அனுப்பிவைத்தார். தகுதியற்றோர் எனத் தாம் கருதியவர் மக்கட்பேறு பெறலாகாது என்று வாதித்ததும் அவரது வாழ்வின் மாசேயாம். 2020இல் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டமைக்கு அக்கொள்கையே காரணம்.

1919இல் நிலக்கரியில் வெறுங்கண்ணுக்குத் தோன்றும் நால்வகைக் கூறுகளுக்கு அவர் பெயரிட்டார். கண்ணாடிபோற் பளபளப்பது விற்றிரெயின். மெல்லிய வரிகளுடன் பட்டுப்போல் ஒளிர்வது கிளாரெயின். மங்கலும் வன்மையும் உடையது டியுரெயின். தொட்டாற் கையைக் கறுப்பாக்கும் அடுப்புக்கரி போன்றது பியுசெயின். 1958இல் அம்மையார் மறைந்தார். அவருடைய பாடல்களைத் தேடிப் படிப்போர் இன்று அரியர்; இந்நான்கு சொற்களோ நிலக்கரி ஆய்வாளரிடையே இன்றும் வழங்குகின்றன.