கடை, பயணம், குடும்பம்... மூன்றையும் ஒரே கையில் பிடிக்க முடியுமா?

“அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஜாக்கெட் கிடைச்சிருமா?”

முகூர்த்த சீசன் வந்துவிட்டால், வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வியோடுதான் பொழுது விடியும். அடுப்பில் உலை கொதிக்கும், பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்து நிற்கும், மெஷின் மேல் பாதி அடித்த லைனிங் துணி கிடக்கும். இத்தனைக்கும் நடுவில் மனசுக்குள் ஓர் ஆசை ஓடிக்கொண்டே இருக்கும். ‘எத்தனை நாளைக்குத்தான் திண்ணையிலேயே தைப்பது? பஜாரில் சின்னதாக ஒரு டிசைன் கடை போட்டால் என்ன?’

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியிருக்கும் பேரூராட்சி ராயகிரி. இதுபோன்ற ஊர்களில் ஜாக்கெட் தையல், ஆரி வொர்க், சேலைக்குக் குஞ்சம் கட்டுவது என்று கைத்தொழில் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால், கடை என்று வந்துவிட்டால் தையல் மட்டும் தெரிந்தால் போதாது. துணி எடுக்க வெளியூர் போக வேண்டும், கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டும், வீட்டையும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் மூன்று இடத்தில் எப்படி இருப்பது? பல பெண்களின் கடைக் கனவு இந்தக் கேள்வியில்தான் நின்றுபோகிறது.

இதே கேள்வியை அறுபது வருடங்களுக்கு முன்பே சந்தித்து, அதற்கு ஒரு பதிலையும் கண்டுபிடித்த ஒரு பெண்ணின் கதை, கடல் தாண்டி கொழும்பில் இருக்கிறது.

கொடைக்கானலில் படித்த பெண்

அவர் பெயர் பார்பரா சன்சோனி. 1928-ல் கண்டியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நம்ம கொடைக்கானல் கான்வென்ட்டில். பிறகு லண்டனில் ஓவியம் படித்தார். ஊர் திரும்பி, கல்யாணம் முடிந்து, இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். கடை போடும் எண்ணமெல்லாம் அப்போது அவருக்குக் கிடையாது.

கொழும்புப் பக்கம் ஒரு கிறிஸ்தவ மடத்தில், ஆதரவு தேவைப்படும் பெண்களுக்குக் கைத்தறி நெசவு கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தறி இருந்தது, நெய்யும் கைகளும் இருந்தன. ஆனால், நெய்த துணியை வாங்க ஆள் வர வேண்டுமே! ‘நீங்கள் ஓவியம் படித்தவர்தானே, வண்ணமும் டிசைனும் சொல்லிக் கொடுங்களேன்’ என்று மடத்தின் கன்னியாஸ்திரி கேட்க, பார்பரா உதவிக்குப் போனார். உதவியாகத் தொடங்கியதுதான் பிறகு தொழிலானது. 1964-ல் ‘பேர்ஃபுட்’ பிறந்தது. தமிழில் சொன்னால் ‘வெறுங்கால்’!

கடல் நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை, அதை ஒட்டி ஆரஞ்சு, நடுவே ஒரு கோடு ரோஸ் என்று யாரும் சேர்க்கத் துணியாத வண்ணங்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேசை விரிப்பு, தலையணை உறை, சேலை, சாரம், பிள்ளைகள் விளையாடும் துணிப் பொம்மை என்று சரக்கு பெருகியது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களுக்கும் அவருடைய துணிகள் போயின. இன்று கொழும்பு காலி வீதியில் இருக்கும் பேர்ஃபுட் கடைக்குள் துணியோடு புத்தகக் கடை, ஓவியக் கூடம், மரத்தடி கஃபே எல்லாம் உண்டு.

சுற்றியதெல்லாம் வீணாகவில்லை

பார்பராவுக்கு ஊர் சுற்றப் பிடிக்கும். 1960-களில் உல்ரிக் ப்ளெஸ்னர், லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்ற நண்பர்களோடு இலங்கை முழுக்கப் பயணம் செய்து பழைய வீடுகள், விகாரைகள், மண்டபங்களைத் தேடிப் பார்த்து வரைந்தார். ‘பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால், அந்தப் பயணங்களில் வரைந்த படங்கள் பத்திரிகைக் கட்டுரைகளாகவும் பிறகு புத்தகமாகவும் வந்தன. வழியில் கண்ட வயலும் கடலும் வானமும் தறியில் வண்ணங்களாக மாறின. கடைக்கென்று ஒரு பயணம், மனசுக்கென்று ஒரு பயணம் என்று அவர் பிரித்துக்கொள்ளவில்லை. ஒரே பயணம் இரண்டுக்கும் உதவியது.

அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிட முக்கியம். நெய்கிற பெண்களையெல்லாம் கொழும்புக்குக் கூப்பிடாமல், நெசவு நிலையங்களைக் கிராமங்களில் வைத்தார்கள். பெண்கள் தங்கள் ஊரிலேயே நெய்தார்கள், சரக்கு மட்டும் நகரத்துக்குப் பயணப்பட்டது. ஒரு பெண்ணின் கடை, பல பெண்களின் குடும்பத்தை இடம் பெயர்க்காமல் ஓடியது. பின்னாளில் மகன் டொமினிக் சன்சோனி, தானும் ஒரு புகைப்படக் கலைஞராக இருந்துகொண்டே, கடைப் பொறுப்பைக் கையில் எடுத்தார். பார்பரா 2022 ஏப்ரலில், தன் 94-வது வயதில் காலமானார். கடை இன்றும் நடக்கிறது.

வீட்டு முற்றமே பட்டறை

அதே கொழும்பில், அதே காலத்தில் இன்னொரு பெண். ஈனா டி சில்வா. கணவர் நாட்டின் காவல்துறைத் தலைவராக இருந்தவர். அவரது பதவி முடிந்த பிறகு, 1960-களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கட்டிக் கொடுத்த வீட்டில் குடியேறினார்கள். நடுவில் திறந்த முற்றம் வைத்த அந்த வீட்டிலேயே பத்திக் துணி வேலை ஆரம்பமானது. மகனும் ஓவியர் லக்கி சேனநாயக்கவும் சேர்ந்துகொண்டார்கள். பென்தோட்டாவில் பாவா கட்டிய கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து உட்கூரையில் அவர்களுடைய பத்திக் துணிதான்!

1980-களின் தொடக்கத்தில் கைத்தொழில் ஆலோசகராகக் கரீபியன் கடலில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குப் போனார் ஈனா. திரும்பி வந்ததும் கொழும்பில் கடையைப் பெரிதாக்கவில்லை. மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள பூர்வீக ஊரான அலுவிகாரைக்கே போய், அங்கிருந்த பெண்களோடு பத்திக், எம்ப்ராய்டரி, சமையல் என்று வேலையைத் தொடர்ந்தார். ‘பெரிய டவுனுக்குப் போனால்தான் பிழைக்க முடியும்’ என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

16 வருஷம் கழித்துத் திறந்த கடை

நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஃபேப் இந்தியாவின் கதையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். அமெரிக்கரான ஜான் பிஸல் 1960-ல் டெல்லியில் அதைத் தொடங்கியபோது கடையே கிடையாது. கைத்தறித் துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதி வியாபாரம்தான். முதல் சில்லறைக் கடை திறந்தது 1976-ல். வியாபாரம் வளர்ந்த அந்தக் காலத்தில் அவர் மனைவி பிம்லா, டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தார், குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றையும் நடத்தினார்.

இதில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, ஷட்டர் போட்ட கடை முதல் படி அல்ல. ஆர்டர் நிலையாக வர ஆரம்பித்த பிறகு ஏறும் படி. இரண்டாவது, புதுக்கடை காலூன்றும் வரை வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் தலைபாரம் பாதியாகும்.

ஒரு நாள் மூடினால் எவ்வளவு நஷ்டம்?

இனி ராயகிரிக்கு வருவோம். கடை போடுவதற்கு முன் ஒரு நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகைகள் வெறும் உதாரணம்தான். உங்கள் ஊர் வாடகையை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

கடை வாடகை 4,000, கரண்ட் 1,000, உதவிக்கு ஓர் ஆள் 6,000, கடன் தவணை 3,000. மொத்தம் மாதம் 14,000 ரூபாய். மாதத்தில் 25 நாள் கடை திறந்தால், ஒரு நாளைக்கு 560 ரூபாய். ஒரு ஜாக்கெட்டில் நூல், லைனிங் எல்லாம் போக 200 ரூபாய் மிஞ்சினால், தினமும் மூன்று ஜாக்கெட் முடித்தால்தான் செலவே அடையும். நாலாவது ஜாக்கெட்தான் உங்கள் சம்பளம்!

இப்போது துணி எடுக்க ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போகிறீர்கள். அன்றைய செலவு 560, பஸ்ஸும் சாப்பாடும் 400. ஆக 960 ரூபாய், ஏறக்குறைய ஐந்து ஜாக்கெட் தைத்த காசு. ‘ஒரு ரோல் லேஸ் தீர்ந்துபோச்சு’ என்று மாதம் நாலு தடவை ஓடினால் என்னவாகும்? பயணம் வேண்டாம் என்பதல்ல இதன் அர்த்தம். ஒரு பயணத்தில் நாலு வேலையை முடிக்க வேண்டும் என்பதுதான்.

மாதத்தைப் பார்த்துப் பயணம்

தமிழ் மாதக் காலண்டரே இதற்கு நல்ல வழிகாட்டி. ஆவணி, தை, வைகாசி என்று முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் கடையை விட்டு நகரக் கூடாது. ஆடியிலும் புரட்டாசியிலும் கல்யாண ஆர்டர் குறையும். தீபாவளிச் சரக்கு எடுக்கப் புரட்டாசி சரியான நேரம். பிள்ளைகளின் முழுப் பரீட்சை நேரத்திலும், ஜூனில் ஸ்கூல் திறக்கும் வாரத்திலும் பயணம் வைக்காதீர்கள்.

எங்கே போவது? பக்கத்திலேயே சங்கரன்கோவில். காட்டன் சேலைக்குப் பேர் போன ஊர். ஆடித் தபசு நாளில் மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது! மதுரை சுங்குடிக்கும் பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. பத்தமடைக் கோரைப் பாயில் செய்த பை, பர்ஸ் இரண்டை ஜாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால், சாதாரணத் தையல் கடை டிசைன் கடையாகத் தெரியும். மொத்தமாக எடுக்க வேண்டுமானால் ஈரோடு ஜவுளிச் சந்தை இருக்கிறது. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் வண்டிச் செலவு பங்காகும், துணைக்கும் ஆள் ஆகும்.

அக்கம்பக்கத்து ஊர்களுக்கு, பெண்களுக்குக் கட்டணமில்லாத அரசு டவுன் பஸ் 2021 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க, அளவு ஜாக்கெட் வாங்கி வர அந்தப் பஸ் போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் சீசன். வெளியூர்க்காரர்கள் நம்மைத் தேடி வரும் காலம். நாமே போக வேண்டிய பயணத்தை அவர்கள் நமக்காகச் செய்கிறார்கள். கைவேலைப் பை, குழந்தைகளுக்கான காட்டன் உடுப்பு போன்றவற்றை அங்குள்ள கடைகளுக்குப் பேசிக் கொடுக்கலாம்.

கடனும் காகிதமும்

கந்து வட்டிக்குக் கை நீட்டும் முன் வங்கிக்குப் போய்க் கேளுங்கள். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் உண்டு. 35 வயது நிறைந்த கைவினைக் கலைஞர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து ஆன்லைனில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி என்றதும் பயப்பட வேண்டாம். தையல் போன்ற சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சரக்கு மட்டும் விற்றால் 40 லட்சம். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தால் விதி வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

கடை போடும் பெண்கள் வாடகையைப் பேசுவார்கள், அட்வான்ஸைப் பேசுவார்கள். வீட்டில் பேச வேண்டியதை மட்டும் பேசாமல் விட்டுவிடுவார்கள். சாயங்காலம் பிள்ளையை யார் கூட்டி வருவது? மாமியாருக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது? ஈரோட்டுக்குப் போகும் அன்று ராத்திரி அடுப்படி யார் பொறுப்பு? இதையெல்லாம் கடை திறக்கும் முன்பே, எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்ட வேலையெல்லாம் கடைசியில் பெண் தலையில்தான் விழும்.

கடை நேரத்தையும் வீட்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்று போர்டில் எழுதி, அதை மாறாமல் கடைப்பிடித்தால் வாடிக்கையாளர் பழகிக்கொள்வார். எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாத கடையைத்தான் ஜனங்கள் கைவிடுவார்கள். ஆர்டர் பெருகினால் எல்லாவற்றையும் தானே தைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓரம் அடிப்பது, ஹூக் வைப்பது, குஞ்சம் கட்டுவது போன்ற வேலைகளைத் தெருவில் உள்ள பெண்களிடம் வீட்டுக்கே கொடுத்து வாங்கலாம். கிராமத்தில் தறி வைத்த பார்பரா செய்ததும் அதுதானே!

மூன்றையும் ஒரே கையில் பிடிக்க முடியாதுதான். பார்பராவும் ஈனாவும்கூடப் பிடிக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் இன்னும் பல கைகள் இருந்தன. ராயகிரியில் ஒரு பெண் கடை திறக்கும் நாளில், ரிப்பன் வெட்டக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தக் கைகளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டால் போதும். “வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிருமா?” என்று யாராவது கேட்டால், “கிடைச்சிரும்” என்று தைரியமாகச் சொல்லலாம்.